தண்டவாளத்தில் ஏறிய லொறி

புகையிரதப் பெட்டிகளை இழுப்பது எது என்று வினவினால், சிறு பிள்ளையும் "எஞ்சின்" என்றே விடை கூறும். ஆயினும் மேல்நாட்டுத் தொழிற்சாலை முற்றங்கள் பலவற்றில், நூற்றுக்கணக்கான தொன் நிறையுள்ள பெட்டித் தொடரை ஒரு லொறி இழுத்துச் செல்வதைக் காணலாம். தெருவழியே வரும் அவ்வண்டி, புகையிரதக் கடவையில் தண்டவாளத்துக்கு நேராகத் திரும்பி, முன்னும் பின்னும் உள்ள சிறிய இரும்புச் சில்லுகளைத் தாழ்த்திக்கொள்கிறது. சில நிமிடங்களில் லொறி எஞ்சினாகி விடுகிறது!

இத்துணை வலிமை அதற்கு எங்ஙனம் வந்தது? விடை லொறியில் மட்டுமன்று, தண்டவாளத்திலும் உள்ளது. ஒரு தொன் பாரத்தைச் சமதரையான தெருவில் உருட்டிச் செல்ல ஏறத்தாழ 10 கிலோகிராம் இழுவிசையேனும் வேண்டும். இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது 2 முதல் 4 கிலோகிராம் வரை போதும். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 1000 தொன் பெட்டித் தொடரை மெல்ல உருட்டுவதற்கு 4 தொன் இழுவிசையே தேவை.

ஆனால் வழவழப்பான இரும்பு உருளுவதற்கு எவ்வளவு எளிதோ, பற்றிக்கொள்வதற்கு அவ்வளவு கடினம். பிடிமானம் இன்றேல் சில்லு நின்ற இடத்திலேயே சுழலும். புகையிரத எஞ்சின்கள் பெரும் பாரமுடையனவாக அமைவதற்கு இது ஒரு முக்கிய காரணம். பாரம் குறைந்த வண்டி என் செய்யும்?

இதற்கு இருவகை உபாயம் கண்டனர். 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் உருவான 'ட்ராக்மொபைல்' என்னும் வண்டி, தான் இழுக்கும் பெட்டியின் முனையைச் சற்றே உயர்த்தி, அதன் பாரத்தில் ஒரு பங்கைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. கடன் வாங்கிய பாரமே அதற்குப் பிடிமானம்!

ஜேர்மனியின் 'யூனிமொக்' வண்டியோ றப்பரை நம்பியது. உலர்ந்த தண்டவாளத்தை இரும்பைவிட றப்பர் நன்கு பற்றும். ஆகவே றப்பர்ச் சில்லுகள் தண்டவாளத்தின் மீதே நின்று இழுக்க, இரும்புச் சில்லுகள் வழிகாட்டுகின்றன. இவ்வண்டி முதலில் உழவருக்காகப் பிறந்ததாகும். உருளைக்கிழங்குப் பாத்தியின் இரு வரிசைகளுக்கு இசைவாக, அதன் சில்லுகளின் இடைவெளியை 1270 மில்லிமீற்றராக அமைத்தனர். பின்னர் வந்தவற்றின் அகலத்தை 1435 மில்லிமீற்றர்த் தண்டவாளத்துக்குப் பொருந்தச் செய்தனர். இன்று இவ்வகை வண்டிகள் 1000 தொன் வரை இழுக்கின்றன.

போர்க்காலத் தேவையும் இவ்வழியில் மனிதரைச் செலுத்தியதுண்டு. 1944ஆம் ஆண்டில் வட பர்மாவில் எஞ்சின்கள் குண்டுவீச்சால் சிதைந்து கிடந்தன. நேச நாட்டுப் படையினர் ஜீப் வண்டிகளுக்கு விளிம்புள்ள இரும்புச் சில்லுகளைப் பூட்டி, பெட்டிகளை இழுப்பித்தனர். உணவும் மருந்தும் அவ்வழியே போர்முனையை அடைந்தன.

எனினும் லொறி எஞ்சினுக்கு முற்றும் ஈடாகாது. நூறடிக்கு ஓரடி ஏற்றமாயின் ஒவ்வொரு தொன்னுக்கும் மேலும் 10 கிலோகிராம் விசை வேண்டும். முன்னர் 1000 தொன் இழுத்த வண்டி அங்கே முந்நூறு தொன்னுக்கும் திணறும். இழுப்பதிலும் நிறுத்துவதே பெரும் பொறுப்பு. எளிதில் உருளும் பாரம் எளிதில் நிற்பதில்லை. ஆகவேதான் பாரமிக்க தொடர்களை இழுக்கும் லொறியில் காற்றழுத்த இயந்திரம் அமைத்து, பெட்டிகளின் தடுப்புகளையும் சாரதியே இயக்குமாறு செய்துள்ளனர். இதனைப் புறக்கணித்தால் உயிருக்கே கேடு விளையும்.

நாளொன்றுக்குச் சில பெட்டிகளை மட்டும் நகர்த்தும் தொழிற்சாலை, பெருவிலை கொடுத்து எஞ்சின் வாங்குவது அரிது. வழியற்றுக் கிளைப்பாதையை மூடிவிட்டால், அப்பொருள்கள் யாவும் தெருவையே நெருக்கும். வேலை முடிந்ததும் தண்டவாளத்தை விட்டிறங்கி வேறு பணிக்குச் செல்லும் லொறி, அத்தகைய பாதைகளுக்கு உயிர் தருகிறது. பெரியது செய்ய வேண்டியதைப் பெரியது செய்யட்டும். சிறியது போதுமான இடத்தில் சிறியதே சிறப்பு என்பது நம் கருத்து.