தட்டுக்கும் பாய்க்கும் நடுவே மூன்று மணி நேரம்

செலாயாங் பாசார் போரோங் மொத்தச் சந்தையில் ஊர் உறங்கிய பிறகுதான் வேலை சூடுபிடிக்கும். கேமரன் மலையிலிருந்து வந்த கோஸையும் தக்காளியையும் இறக்கிவிட்டு, விடிகிற நேரத்தில் மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் எடுத்துப் பசியாறி, வீட்டுக்குப் போனதும் படுத்துவிடுகிற லோரி ஓட்டுநர்கள் இங்கே நிறைய. நான் கிளினிக்கில் தாதியாக இருந்த காலத்தில் அவர்களில் ஒருவர் அடிக்கடி வருவார். "மிஸ்ஸி, மிளகாயைத் தொட்டே மாசக்கணக்காச்சு. அப்பவும் நெஞ்சு எரியுது. புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் வருது."

"மிளகாய் இருக்கட்டும் அண்ணே, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சுப் படுக்குறீங்க?" என்று கேட்டேன். வீடு போய்ச் சேரும் நேரம்தான் இடைவெளி என்றார்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம்போல ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், பிறகு இறுகிவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டால் இரைப்பை விரிந்து, அந்தத் தசை அடிக்கடி தளர்கிறது. நெய்யும் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் மிகுந்த சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்கவும் நேரமாகும். நிமிர்ந்து இருக்கும்வரை அமிலம் பெரும்பாலும் கீழேயே கிடக்கும். படுத்தால் மேலேறுவது சுலபம். அதனால்தான் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது வேண்டும் என்கிறோம். "எட்டு மணிக்குள் சாப்பிடுங்கள்" என்ற அறிவுரை இரவு வேலைக்காரருக்கு உதவாது. அவருடைய ராத்திரி காலையில்தான் தொடங்குகிறது.

அந்த அண்ணனுக்கு நாங்கள் சொன்னது இதுதான்: பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள். நடுவில் பசித்தால் வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லி. காலையில் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ போதும். கொஞ்ச நாளில் எரிச்சல் நன்றாகக் குறைந்துவிட்டது என்று அவரே வந்து சொன்னார்.

நம்மவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்கக் காரணம் உண்டு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள், வயிற்றுக் கோளாறுக்காக எண்டோஸ்கோப்பி பரிசோதனைக்கு வந்த 1,000 பேரை ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமிலம் மேலேறும் நோய் மலாய்க்காரர், சீனரைவிட இந்தியரிடம் அதிகம் என்று அதில் தெரிந்தது. உடல் பருமனும் மதுவும் காரணங்களாக வந்தன. எடை கூடியவர்களுக்குச் சில கிலோ குறைந்தாலே வித்தியாசம் தெரியும்.

எல்லாருக்கும் ஒரே பத்தியம் கிடையாது. ஒருவருக்கு ரசத்தின் புளி, இன்னொருவருக்குக் காப்பி, வேறொருவருக்கு நாசி லெமாக் சம்பல். எதற்குப் பிறகு எரிகிறது என்று சில வாரம் குறித்துப் பார்த்து, அதை மட்டும் விடுங்கள். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வெறும் கஞ்சி குடித்து இளைத்த அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. சிகரெட்டை மட்டும் எல்லாருமே விட வேண்டும். இடுப்பை இறுக்கும் பெல்ட்டையும் பாவாடை நாடாவையும் தளர்த்துங்கள்.

இரவில் எரிகிறவர்கள் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கெட்டியான மரக்கட்டை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தலாம். தலையணைகளை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் நல்லது. அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மருந்தை மருத்துவர் கொடுத்திருந்தால், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். எரியும்போது மட்டும் போட்டால் முழுப் பலன் கிடைக்காது.

விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, கறுத்த மலம், ரத்த வாந்தி இருந்தால் பத்தியத்தை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு அழுத்தத்தோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, "காத்துதான்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 999-ஐ அழையுங்கள்.