லைசன்ஸோட பொறுப்பும் சேர்ந்து வருமா?

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஏதாவது ஒரு மீட்டிங்கில் இந்தக் கேள்வி வரும்: காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்கலாமா, ஓப்பன் சோர்ஸ் போதுமா? உடனே ஒரு சீனியர் சொல்வார்: "வாங்கிடுப்பா. நாளைக்குப் பிரச்சனைன்னா கம்பெனிக்காரனைக் கேட்கலாம். ஓப்பன் சோர்ஸ்னா யாரைக் கேட்ப?"

நியாயமான கேள்விதான். ஆனா கம்பெனிக்காரன் எவ்வளவு தூரம் பதில் சொல்வான்?

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம்ம நாட்டு ஏர்போர்ட்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது காசு கொடுத்து வாங்கின சாஃப்ட்வேர்தான். ஆனா கவுன்ட்டரில் பயணிகளுக்குப் பதில் சொன்னது விமான நிறுவன ஊழியர்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் இழப்பீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு உச்சவரம்பு இருக்கும். ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸ்களோ எந்த உத்தரவாதமும் இல்லை என்று நேராகவே சொல்லிவிடும்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை எடுத்துக்குங்க. 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்த இடம். 1900-களின் தொடக்கத்திலிருந்து அங்கே எடுத்த சூரியப் படங்கள் இப்போது டிஜிட்டலாக இருக்கின்றன. நூறு வருஷ டேட்டா. இதை அலச எந்த சாஃப்ட்வேரை நம்புவது?

உலகம் முழுக்க சூரிய ஆய்வாளர்கள் பல வருஷமாகப் பயன்படுத்தியது ஐடிஎல் என்ற வணிக மொழி. நாமே எழுதின புரோகிராமாக இருந்தாலும், லைசன்ஸ் தீர்ந்தால் அதில் வழக்கம்போல் ஓட்ட முடியாது. 2011 வாக்கில் பைத்தானில் சன்பை என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டம் தொடங்கியதால் இன்னொரு வழி கிடைத்தது.

அதுக்காக இலவசம்னா கவலையே இல்லைன்னும் அர்த்தமில்லை. வானியலாளர்கள் நம்பியிருந்த ஐராஃப் இலவசமாகக் கிடைத்தது. ஆனா அதை உருவாக்கிய அமெரிக்க ஆய்வு மையம் 2013 வாக்கில் மேம்பாட்டை நிறுத்தியது. பயன்படுத்தியவர்களே கூடி அதைக் காப்பாற்றி வருகிறார்கள்.

ஆக, எதைத் தேர்ந்தெடுத்தாலும் பொறுப்பு தேர்ந்தெடுத்தவரிடம்தான் வந்து நிற்கும். அதனால் முடிவெடுக்கும் முன் மூன்று கேள்விக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதி, கையெழுத்துப் போட்டு வையுங்க:

பாதுகாப்பு அப்டேட்டை யார் கவனிப்பார், முதலில் எங்கே சோதிப்பார்?

ராத்திரி சர்வர் நின்றால் யாருக்குப் போன் போகும்?

கம்பெனியோ திட்டமோ நின்றுபோனால் நம்ம டேட்டாவை வெளியே எடுக்க முடியுமா?

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். நீங்க கேளுங்க. எவர்ஷெட் காலத்துக் கண்ணாடித் தகட்டைப் பார்க்க இன்றும் வெளிச்சம் போதும், லைசன்ஸ் தேவையில்லை.