எடை போடாத எந்திரம்

500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையை அச்சடிக்கும் எந்திரம் மருந்தை எடை போடுவதில்லை. சுழலும் தட்டில் 'டை' எனப்படும் குழிகள் இருக்கும். தொட்டியிலிருந்து இறங்கும் தூள் குழியை நிரப்பும். மேலும் கீழுமாக இரண்டு 'பஞ்ச்'கள் அதை அழுத்தும். பெரிய எந்திரங்களில் மணிக்கு லட்சக்கணக்கான மாத்திரைகள் இப்படி வெளிவரும். படியால் அரிசி அளப்பது போன்ற வேலைதான் இது. குலுக்கி அளந்தால் கூடும், அள்ளிப் போட்டால் குறையும். ஆனால் மருந்தில் அந்தச் சலுகை கிடையாது. இந்திய மருந்து நூலின்படி, 20 மாத்திரைகளை நிறுத்தால், இந்த அளவுள்ளவற்றில் இரண்டுக்கு மேல் சராசரியிலிருந்து 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஆகவே தூள் ஒரே சீராக ஓட வேண்டும். அதைச் சோதிக்கும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிது: அளவுக்குழாயில் தூளை நிரப்பித் தட்டுவார்கள். 100 மில்லி தூள் 70-க்கு இறங்கிவிட்டால் அது ஒட்டிக்கொள்ளும் முரட்டுத் தூள். 90-இல் நின்றால் நன்றாக ஓடும். துகள் நுண்மையானால் அதன் எடையைவிட ஒட்டும் விசை ஓங்கிவிடும், தொட்டியின் வாயில் தூள் வளைவு கட்டி நின்றுவிடும். துகளைப் பெரிதாக்கலாமே என்றால், கிரிசியோஃபுல்வின் போன்ற நீரில் எளிதில் கரையாத மருந்துகளை நுண்ணியதாக அரைத்தால்தான் உடல் ஓரளவு நன்றாக ஏற்கும். இந்த இழுபறிக்கு ஒரு வழிதான் கிரானுலேஷன்: தூளை ஸ்டார்ச் கஞ்சி போன்ற பசையால் பிசைந்து, உலர்த்தி, சலித்து, குறுமணிகளாக்குவது.

பாராசிட்டமாலுக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. கடைகளில் கிடைக்கும் வகையின் படிகத்தில் மூலக்கூறு அடுக்குகள் நெளிநெளியாகக் கோத்திருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காது. அழுத்தினால் படியாமல், அழுத்தம் விலகியதும் நிமிர்ந்துகொள்ளும். மாத்திரையின் தலை தொப்பிபோல் கழன்றுவிடும். அதே மூலக்கூறின் இரண்டாவது படிக வடிவத்தில் அடுக்குகள் தட்டையானவை, அருமையாக அழுந்தும். ஆனால் அது நிலையற்றது, முதல் வடிவத்துக்கே திரும்பிவிடக்கூடியது. அதனால் கஞ்சிப் பிசைச்சலே தொடர்கிறது.

எந்திரத்தில் ஒட்டாமலிருக்கச் சிறிதளவு மெக்னீசியம் ஸ்டியரேட்டும் சேர்ப்பார்கள். அதைக் கடைசியில், சில நிமிடங்கள் மட்டுமே கலக்க வேண்டும். அதிகம் கலந்தால் துகள்கள்மேல் மெழுகாகப் படிந்து, மாத்திரை உறுதியிழக்கும், வயிற்றில் கரையவும் தாமதமாகும்.