வானில் வீழ்ந்தவை எத்தனை?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானி எரிக் ஹார்ட்மன் வீழ்த்தியதாகக் கணக்கில் ஏறிய பகை விமானங்கள் 352. சோவியத் வீரர் இவான் கோஷெதூபின் கணக்கில் 62. அமெரிக்கர் ரிச்சர்ட் பாங்கின் கணக்கில் 40. ஏன் இத்தனை வேற்றுமை? ஜெர்மானியர் மட்டும் அவ்வளவு திறமைசாலிகளா? அல்லது எல்லாம் பொய்க் கணக்கா? சற்று ஆராய்ந்தால், இரண்டுமே சரியான விடை அல்ல என்பது நமக்குப் புலனாகும்.

முதற் காரணம் பணிமுறை. ஜெர்மானிய விமானி பெரும்பாலும் சாகும் வரையோ, சிறைப்படும் வரையோ, போர் முடியும் வரையோ பறந்தார். ஹார்ட்மன் 1,400 முறைக்கு மேல் போர்ப் பணிக்காக வானில் ஏறினார். பகைவரின் விமானங்களும் எண்ணிக்கையில் மிகுதி. ஆகவே வாய்ப்பும் மிகுதி. அமெரிக்காவோ அனுபவம் மிக்கவர்களைத் திரும்ப அழைத்து, புதியவர்களுக்குப் பயிற்சி அளிக்கச் செய்தது. பாங்கும் 40-ஆவது வெற்றிக்குப் பின் தாயகம் அனுப்பப்பட்டார்.

இரண்டாவது, எண்ணும் விதி. இருவர் சேர்ந்து ஒரு விமானத்தை வீழ்த்தினால் பிரிட்டனில் ஆளுக்குப் பாதி. ஜெர்மனியில் ஒரு விமானம் ஒருவருக்கே. சோவியத் நாட்டில் தனி வெற்றி, கூட்டு வெற்றி எனத் தனித்தனிக் கணக்கு. மாஸ்கோவில் பிறந்த வீராங்கனை லிடியா லித்வியாக்கின் வெற்றிகளை நூலுக்கு நூல் வேறுவேறாகக் காண்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, பதற்றம். 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. போருக்குப் பின் ஜெர்மானிய ஏடுகளைப் பார்த்தபோது, அன்று அவர்கள் இழந்தவை ஏறத்தாழ 60 மட்டுமே எனத் தெரிந்தது! மூவர் சுட்டது ஒரே விமானமாக இருக்கலாம்; புகையுடன் கீழே பாய்ந்த விமானம் மேகத்துக்குள் மறைந்து வீடு திரும்பியிருக்கலாம். நொடிப் பொழுதில் கண்டதைச் சொன்னவர்களைப் பொய்யர் எனல் தகாது. சாட்சி வேண்டும் என்று விதி வகுத்த ஜெர்மானியர் கணக்கிலும் இத்தகைய மிகை உண்டு.

எனவே ஓர் எண்ணைக் கண்டு வியக்குமுன், "எண்ணியவர் யார்? எவ்விதம் எண்ணினார்?" என்று கேட்கப் பழகுவோம். இன்னொன்றையும் மறவாதிருப்போம். 1943 ஆகஸ்டு 1 அன்று பறந்து சென்ற லிடியா திரும்பவே இல்லை. அப்போது அவருக்கு வயது 21. அவரை வீழ்த்தியவரின் ஏட்டில் அது வெறும் ஓர் எண்ணாகவே ஏறியிருக்கும். ஆனால் எதிர்பார்த்துக் காத்திருந்த தாய்க்கு அவள் மகள் அல்லவா?