பெட்டிக்குள் ஒரு தொலைநோக்கி

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது பாகர்வடியும் சிவ்டாவும் மறக்காமல் எடுத்துச் செல்கிறோம். "அங்கே போய் என்ன செய்வது?" என்று முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்காக இம்முறை ஒரு தொலைநோக்கியும் எடுத்துச் செல்லலாமே!

காரணம் இருக்கிறது. புனேயைவிடத் திருநெல்வேலி ஏறத்தாழ 10 பாகை தெற்கே உள்ளது. அதனால் தென்வானமும் அங்கே 10 பாகை உயர்ந்து தெரியும். மே மாத நடுவில் இரவு 9 மணிக்குத் தென்சிலுவை இங்கே அடிவானப் புகையில் மங்கிக் கிடக்கும். அங்கே மொட்டை மாடியிலிருந்தே நன்றாகக் காணலாம். அதற்கு மேலே, சற்றுக் கிழக்கே, ஒமேகா சென்டாரி என்னும் மாபெரும் நட்சத்திரக் கொத்து.

இதற்கு 6 அங்குல ஆடி போதும். இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கு நடுவே கார்பொரண்டம் தூளும் நீரும் இட்டுத் தேய்த்தால், மேல்வட்டு மெல்லக் குழியும். பிறகு சீரியம் ஆக்சைடால் மெருகேற்றி, சிறு விளக்கையும் பிளேடையும் கொண்டு சோதிக்க வேண்டும். இது ஃபூக்கோ 1858இல் கண்ட வழி. கடைசியில் வெற்றிடக் கலத்தில் அலுமினியப் பூச்சு. பொறுமையில்லாதவர்கள் ஆடியை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

தாங்கியை எளிதாக்கியவர் ஜான் டாப்சன். 1944இல் சான்பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் சேர்ந்த துறவி. பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தவர். தொலைநோக்கி மோகத்தால் 1967இல் மடத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதன்பின் தெருவோரத்தில் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். ஒட்டுப்பலகைப் பெட்டியே அவருடைய தாங்கி.

ரயில் பயணத்துக்கு இதில் ஒரு மாற்றம் செய்தால் போதும். குவியத்தூரம் 3 அடியாக இருக்கட்டும். நீளக் குழாய்க்குப் பதில், கீழே ஆடிப்பெட்டி, மேலே ஒரு வளையம், இரண்டையும் இணைக்க 2 அடி அலுமினியக் கம்பிகள். தாங்கிப் பலகைகளைத் திருகாணியால் பூட்டினால், எல்லாம் கழன்று இருக்கைக்கு அடியில் அடங்கிவிடும். ஒரு கிலோ எடையுள்ள ஆடியை மட்டும் துணியில் சுற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பூட்டியதும் ஆடிகளை நேர்படுத்த வேண்டும். சூரியனை மட்டும் இதில் ஒருபோதும் பார்க்கக்கூடாது.

வழிகாட்ட நம் ஊரிலேயே ஆட்கள் உண்டு. 1944இல் தொடங்கிய ஜோதிர்வித்யா பரிசம்ஸ்தா இருக்கிறது. ஜயந்த் நார்லிகர் 1988இல் நிறுவிய ஆயுகா, தொலைநோக்கி செய்யும் பயிற்சி முகாம்களை நடத்தியிருக்கிறது.

விடுமுறைக்கு முன் தேய்க்கத் தொடங்குங்கள். தாத்தா பாட்டிக்குத் தென்சிலுவையைக் காட்டும் பேரப்பிள்ளை, அடுத்த ஆண்டு ஊருக்குப் போக முகம் சுளிக்க மாட்டான்.