லயத்து ரோட்டுக்கு யார் பொறுப்பு?

தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தில், சான்றுப்படுத்துகிறவர் கையெழுத்திட ஓர் இடம் இருக்கிறது. கிராமத்தில் வசிப்பவருக்கு அதில் கிராம உத்தியோகத்தர் கையெழுத்திடுவார். தோட்டத்தில் வசிப்பவருக்குத் தோட்ட அத்தியட்சகரே கையெழுத்திடலாம். தோட்டத்துப் பேச்சில் முன்னவர் 'ஜீஎஸ்', பின்னவர் 'தொரை'. ஒருவர் அரசாங்கச் சம்பளக்காரர், மற்றவர் தனியார் கம்பனியின் முகாமையாளர். இந்த ஆள் இந்த இடத்தில்தான் வாழ்கிறார் என்று சொல்லும் அதிகாரத்தை அரசு இருவரிடமும் கொடுத்து வைத்திருக்கிறது. பதுளை மாவட்டத் தோட்டங்களில் சின்ன முறைப்பாட்டுக்குக்கூட ஏன் இத்தனை அலைச்சல் என்று கேட்பவர்கள் இந்தக் கையெழுத்திலிருந்து தொடங்கலாம்.

லயத்துக்கு மேற்புறக் கான் அடைபட்டு, மழைத்தண்ணீர் இஸ்தோப்பைத் தாண்டிக் காம்பராவுக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பசறை, பூனாகலை, மடுல்சீமைப் பக்கத்தில் ஐப்பசி மழைக்கு இது புதுச் செய்தி அல்ல. முதலில் தோட்டத்து ஆபிஸுக்குப் போவார்கள். "இதுக்குக் கம்பனியில காசு ஒதுக்கல, பிரதேச சபைக்கு எழுதுங்க" என்று பதில் வரும். பிரதேச சபையில், "அது கம்பனிக் காணி, தொரைகிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்கம்மா" என்பார்கள். கடைசியில் ஜீஎஸ் மாத்தியா. "நான் ரிப்போர்ட் போடுறேன், கான் வெட்டுற சல்லி எங்கிட்ட இல்லையே" என்பார். மூவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் சங்கடம்.

கிராம உத்தியோகத்தரைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். பழைய விதானைப் பதவி 1963இல் ஒழிக்கப்பட்டு, கிராம சேவகர் வந்தார். பிறகு பெயர் கிராம உத்தியோகத்தர் என மாறியது. மூத்தவர்கள் வாயில் அவர் இன்னும் விதானைதான், எதிர்பார்ப்பும் பழைய விதானையின் அதிகாரத்தை ஒட்டியே இருக்கிறது. உண்மையில் அவர் பிரதேச செயலாளரின் கீழ் வேலை செய்யும் அலுவலர். பதுளை மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் அவற்றுக்குள் 567 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் இருக்கின்றன. வதிவிடச் சான்றிதழ், நற்சான்றிதழ், வாக்காளர் பதிவு, அனர்த்தம் நடந்தால் முதல் அறிக்கை, நிவாரணப் பட்டியல், காணித் தகராறு பற்றிய குறிப்பு, இவை அவர் கையில். ரோடு, கான், தெருவிளக்கு, குப்பை இவற்றில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. அவை பிரதேச சபையின் வேலை. அந்தச் சபை தேர்தலில் வருவது, பிரதேச செயலகமோ மத்திய அரசின் கிளை. இரண்டு பெயரும் 'பிரதேச' என்று தொடங்குவதால் கடிதம் மாறிப் போவது அன்றாடம் நடக்கிறது.

தோட்டமும் கிராமமும் வேறு வேறு என்ற ஏற்பாடு தானாக வந்ததல்ல. 1937இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது, தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளருக்குக் கிராமச் சபை வாக்கு மறுக்கப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அந்தக் கணக்கை முற்றாகத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆனது. இடையில் எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. காணி அரசுக்குச் சொந்தம், 53 வருடக் குத்தகை கம்பனிக்கு, லயத்தில் வாழ்வது தொழிலாளி. இந்த மூன்றில் எதுவும் அந்தக் காம்பராவை அவருடைய வீடு என்று சொல்லவில்லை.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோதும் இந்தப் பிரிவினை உள்ளே நுழைந்துவிட்டது. அதன் 33ஆம் பிரிவைக் காட்டி, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புக்குள் செலவிட முடியாது என்பதே முப்பது வருட நடைமுறை. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள், அவர்களிலிருந்து உறுப்பினர்களும் தெரிவானார்கள். பயிரிட்ட காணிக்கு ஏக்கர் வரி வாங்கும் அதிகாரமும் அதே சட்டத்தில் சபைக்கு இருந்தது. வரி வாங்கலாம், கான் வெட்டக் கூடாது! மலையகக் கட்சிகள் பல வருடம் குரல் கொடுத்த பிறகு 2018 ஒக்டோபரில் பாராளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. இன்று ஒரு சபை அலுவலர் "தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தராது" என்று சொன்னால், அவர் பழைய சட்டத்தைப் பேசுகிறார். இதை மட்டும் தெரிந்து வைத்திருந்தாலே பாதி வாதம் முடிந்துவிடும்.

மீதிப் பாதி அத்தனை எளிதல்ல. காணி இன்னும் கம்பனியின் குத்தகையில் இருப்பதால், சபை வேலை தொடங்க நிர்வாகத்தின் இணக்கம் நடைமுறையில் வேண்டியிருக்கிறது. காலமும் கைகொடுக்கவில்லை. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மேல் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் என்று யாருமே இல்லை. ஊவா மாகாண சபையின் நிலை இன்னும் மோசம். 2014 செப்டெம்பருக்குப் பிறகு அதற்குத் தேர்தலே நடக்கவில்லை, பதவிக்காலம் 2019இல் முடிந்துபோனது. முறைப்பாட்டை வாங்க அரசியல் ரீதியாகப் பொறுப்புள்ள ஒருவரே இல்லாத காலத்தில், எல்லாப் பாரமும் ஜீஎஸ் தலையிலும் தொழிற்சங்கத்துத் தோட்டத் தலைவர் தலையிலும் விழுந்தது.

தலைவர் என்ற அந்த வழியை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். லயத்தில் பீலித் தண்ணீர் நின்றாலும், பிள்ளை மடுவத்துக் கூரை ஒழுகினாலும் முதலில் தலைவரிடம்தான் போவார்கள். அவர் தொரையிடம் பேசுவார், தீராவிட்டால் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்குப் போவார். வேலை சம்பந்தப்பட்ட விஷயங்களில் இது பல தலைமுறையாகப் பலன் தந்த வழி. ஆனால் குறைபாடு ஒன்று உண்டு: எல்லாம் வாய்ப்பேச்சு. சங்கத்துக்குச் சந்தா கட்டாத வீடு, செக்ரோலில் பேர் இல்லாமல் வெளியில் வேலைக்குப் போகிறவர்களின் வீடு, இந்த வழியில் கணக்கிலேயே வராது. லயங்களில் இன்று அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. அவர்கள் கம்பனியின் தொழிலாளர் இல்லை, பிரதேச சபையின் வாக்காளர். தலைவருக்கு அவர்கள் யாரோ, வட்டார உறுப்பினருக்கு அப்படி இருக்க முடியாது.

அலுவலகத்துக்குப் போகும் செலவைக் கொழும்பில் இருப்பவர்கள் கணக்கிடுவதில்லை. கிராம உத்தியோகத்தர் வாரத்தில் குறித்த சில நாட்களில்தான் அலுவலகத்தில் இருப்பார். கொழுந்து பறிக்கிற அம்மா அந்த நாளில் மலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர் போச்சு. அன்றைய சம்பளமும் பஸ் காசும் சேர்ந்து போகும். போன இடத்தில் ஐயா ஃபீல்டுக்குப் போய்விட்டால் இன்னொரு நாள். ஆகவேதான் நான் சொல்வது, போவதானால் கையில் கடிதத்தோடு போக வேண்டும். ஆள் இல்லாவிட்டாலும் கடிதம் அங்கே இருக்கும்.

அந்தக் கடிதம் தமிழில் இருக்கலாம். சிங்களத்தில் எழுதித் தர ஆள் தேடி அலைந்து, அவருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுப்பது இன்றைக்கும் நடக்கிறது. அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம், 1988இலேயே இதற்கு முடிவு கட்டிவிட்டது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் எந்த அரச அலுவலருடனும் தமிழில் தொடர்புகொள்ளலாம், தமிழில் பதில் பெறவும் உரித்துடையவர். பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். தமிழ் தெரிந்த அலுவலர்கள் போதாது என்பது உண்மைதான். அது அலுவலகத்தின் பிரச்சினை, மனு கொடுக்கிறவரின் பிரச்சினை அல்ல.

பதில் எங்கே வரும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. லயங்களில் வீட்டுக்கு வீடு தனி விலாசம் இல்லாத தோட்டங்கள் இன்னும் உண்டு. தபால் தோட்டத்து ஆபிஸுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் கிடைக்கும். நிர்வாகத்தைப் பற்றிய முறைப்பாட்டுக்கான பதில் நிர்வாகத்தின் மேசையிலேயே வந்து விழுகிற வேடிக்கையை என்னவென்று சொல்வது? பாடசாலையில் வேலை செய்யும் உறவினர், பஸாரில் உள்ள கடை என்று வேறு விலாசம் ஒன்றைக் கடிதத்தில் தருவது நல்லது.

முறைப்பாட்டின் பாதை தெளிவில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொஸ்லந்த மீரியபெத்தையை விடப் பெரிய சாட்சி இந்த மாகாணத்தில் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்ல பிரிவில் உள்ள அந்தத் தோட்டத்தின் லயங்கள் மீது மலை சரிந்து வந்தது. பிள்ளைகள் பலர் அதற்குள் பள்ளிக்கூடம் போயிருந்ததால் பிழைத்தார்கள், வீட்டில் இருந்த பெரியவர்கள் மண்ணுக்குள் போனார்கள். புதைந்தவர்களில் பலரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தை அபாயப் பகுதி என்று 2005இலும் பிறகு 2011இலும் எச்சரித்திருந்தது. ஆக, தெரியாமல் நடந்ததல்ல.

"சொன்னோமே, அவர்கள்தான் போகவில்லை" என்று அப்போது அதிகாரத்தில் இருந்தவர்கள் பேசியது நினைவிருக்கிறது. போவதென்றால் எங்கே போவது? தோட்டத் தொழிலாளிக்கு ஒரு பேர்ச் காணி சொந்தமில்லை. மாற்றுக் காணி வேண்டுமென்றால் கம்பனி விட்டுத்தர வேண்டும், அரசு விடுவிக்க வேண்டும், பிரதேச செயலகம் அளந்து கொடுக்க வேண்டும். எச்சரிக்கை இந்த மூன்று இடத்துக்கும் போயிருக்கலாம். எதற்கும் அது, இன்ன திகதிக்குள் செய்து முடிக்க வேண்டிய கடமையாகப் போகவில்லை. உயிர் தப்பியவர்கள் மாக்கல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு வருடம் கிடந்தார்கள். 2016 ஒக்டோபரில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. சாவு நடந்த பிறகு இரண்டு வருடத்தில் கிடைத்த காணி, எச்சரிக்கைக்குப் பிறகு ஒன்பது வருடத்தில் கிடைக்கவில்லை.

மீரியபெத்தையோடு அது முடியவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலத் தோட்டத்தில் மண் சரிந்து வீடுகள் போயின. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மழையில் பதுளை மாவட்டம் நாட்டிலேயே மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்றானது. இப்போது எச்சரிக்கைக்குத் தெளிவான அளவு இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் சிவப்புத்தான், உடனே வெளியேற வேண்டும். சுவரில் புது வெடிப்பு, மரம் சாய்தல், வழக்கமில்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குதல், இவையெல்லாம் மழைமானி இல்லாமலே தெரிகிற அறிகுறிகள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடிதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. 117 என்ற இலக்கத்துக்கு அழைத்து, ஜீஎஸ்ஸுக்கும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கடிதம் அடுத்த நாள் எழுதிக்கொள்ளலாம்.

மற்ற எல்லாவற்றுக்கும் எழுத்துதான். 'எங்கள் தோட்டத்துக்கு வசதிகள் செய்து தருமாறு' என்று மொத்தமாக எழுதுகிற மனு எந்த மேசையிலும் நிற்காது. இன்ன டிவிஷன், இன்ன இலக்க லயம், இத்தனை குடும்பம், கான் அடைபட்ட நாள் இன்னது என்று ஒரு விஷயத்துக்கு ஒரு கடிதம். கானும் ரோடும் என்றால் பிரதேச சபைத் தவிசாளருக்கும் செயலாளருக்கும், பிரதி வட்டார உறுப்பினருக்கு. காணி, நிவாரணம், ஆபத்து என்றால் பிரதேச செயலாளருக்கு, பிரதி கிராம உத்தியோகத்தருக்கு. இரண்டிலும் தோட்ட அத்தியட்சகருக்கு ஒரு பிரதி போகட்டும், பிறகு தமக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஒரு மாதம் கழிந்தும் சத்தமில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரியிலிருந்து அமுலில் உள்ள அதைத் தோட்டங்களில் இன்னும் போதிய அளவு யாரும் பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு.

கேட்கிற கேள்வி குறுகலாக இருக்க வேண்டும். "எங்கள் ரோட்டை ஏன் போடவில்லை" என்று கேட்டால் வருவது சமாதானம். "எங்கள் வட்டாரத்துக்கு இந்த வருடம் சபை ஒதுக்கிய தொகை எவ்வளவு, அதில் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செலவிட்டது எவ்வளவு, நாங்கள் இன்ன திகதியில் கொடுத்த கடிதத்தின் மேல் எழுதிய குறிப்பு என்ன" என்று கேட்டால் தாள்தான் வர வேண்டும். சரிவில் உள்ள லயங்களில் இருப்பவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை மாவட்ட அலுவலகத்திடமும் இதே சட்டத்தின் கீழ் கேட்கலாம்: எங்கள் லயத்தைப் பரிசோதித்தீர்களா, எப்போது, அந்த அறிக்கையை யார் யாருக்கு அனுப்பினீர்கள்?