நலன்புரிக் கொடுப்பனவிலிருந்து நிலையான தொழிலுக்கு

குடியியற் கல்வியிலும் வணிகக் கல்வியிலும் பயன்படக்கூடிய ஒரு விடயத்தை இங்கு நோக்குவோம். வன்னி மாணவர்களுக்கு இது பாடம் மட்டுமன்று. உங்களில் பலரின் வீட்டிலும் போடப்படும் கணக்கு.

1. நலன்புரிக் கொடுப்பனவு என்றால் என்ன?

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு வழங்கும் உதவியே நலன்புரிக் கொடுப்பனவாகும். இலங்கையில் 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023 ஜூலையில் அஸ்வெசும ஆகிய திட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. ஜனசவியவில் 2,500 ரூபா மாத உதவி 24 மாதங்களுக்கு மட்டுமே உரியது. அதில் ஒரு பகுதி சேமிப்பாக வைக்கப்பட்டது. உதவி ஒரு நாள் நிற்கும், அதற்குள் குடும்பம் தன் காலில் நிற்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

2. வேலை கிடைத்தும் சிலர் விடுவது ஏன்?

2009இல் போர் முடிந்து மீள்குடியேற்றம் நடைபெற்ற பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆடைத் தொழிற்சாலைகள் தோன்றின. எனினும் வேலையில் சேர்வது வேறு, நிலைப்பது வேறு. பின்வரும் கணக்கைக் கவனியுங்கள். (பஸ், பிள்ளைப் பராமரிப்புச் செலவுகள் விளக்கத்திற்காக எடுக்கப்பட்டவை.)

மாதச் சம்பளம் – 30,000 ரூபா
ஊழியர் சேமலாப நிதிக் கழிவு 8% – 2,400
பஸ் செலவு – 4,000
பிள்ளைப் பராமரிப்பு – 5,000
மீளாய்வில் நின்றுபோகும் கொடுப்பனவு – 10,000
மேலதிகமாகக் கையில் மிஞ்சுவது – 8,600 ரூபா

சம்பளம் 30,000 ஆயினும் குடும்பத்தின் கையில் கூடுவது 8,600 மட்டுமே. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, முதற் சம்பளம் வருமுன் கடன்காரர் வாசலுக்கு வந்தாலோ, அத்தாய் வேலையை விட்டுவிடுகிறார். இது சோம்பலன்று என்பதை உணர்ந்து கொள்ளுங்கள்.

3. கணக்கில் தெரியாத நன்மை

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் 8 சதவீதத்துடன் தொழில்தருநர் 12 சதவீதம் சேர்க்க வேண்டும். மேற்படி சம்பளத்தில் அது 3,600 ரூபா. எனவே மாதம் 6,000 ரூபாவும், ஆண்டுக்கு 72,000 ரூபாவும் அவரது பெயரில் சேரும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 சதவீதத்தைத் தொழில்தருநரே செலுத்த வேண்டும். கூலி வேலையில் பெரும்பாலும் இவை கிடைப்பதில்லை.

4. தொழிலில் நிலைக்கச் செய்யும் வழிகள்

அ. நிலையான பஸ் சேவை, பகற்பராமரிப்பு நிலையம்.
ஆ. கொடுப்பனவைத் திடீரென நிறுத்தாது, சில மாதங்களில் படிப்படியாகக் குறைத்தல்.
இ. வேலையில் சேர்ந்த பின்னரும் ஆலோசனை வழங்குதல். பங்களாதேசத்தின் பிராக் நிறுவனம் 2002இல் தொடங்கிய திட்டத்தில் மிக வறிய குடும்பங்களுக்குக் கால்நடை போன்ற சொத்துடன் பயிற்சி, சேமிப்பு, வீடு தேடிச் சென்று வழிகாட்டல் ஆகியனவும் வழங்கப்பட்டன.
ஈ. தகைமை பெற வழி செய்தல். தேசிய தொழிற் தகைமை 1 முதல் 7 வரை மட்டங்களைக் கொண்டது. அனுபவத்தால் தொழில் கற்றவரும் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பிடப்பட்டுச் சான்றிதழ் பெறலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிலையமும் தொழிற்பயிற்சி அளிக்கிறது.

5. நினைவிற் கொள்க

வேலையில் சேர்பவர் நியமனக் கடிதம், மாதச் சம்பளப் பட்டியல், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் ஆகிய மூன்றையும் கேட்டுப் பெற வேண்டும். நிதி செலுத்தப்படாவிடின் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். வீட்டில் யாரேனும் வேலைக்குச் செல்பவராயின், இன்றே அந்தச் சம்பளப் பட்டியலை வாங்கி, 8, 12, 3 ஆகிய வீதங்களைச் சரிபார்த்துக் கொடுங்கள். பரீட்சைக்கும் பயிற்சி, வீட்டுக்கும் உதவி.

மாதிரி வினாக்கள்

1. ஒருவரின் மாதச் சம்பளம் 40,000 ரூபா. சேமலாப நிதிக்கு இரு தரப்பும் செலுத்தும் மொத்தத் தொகை யாது? (விடை: 8,000 ரூபா)
2. கொடுப்பனவு பெறுவோர் தொழிலில் நிலைப்பதற்குத் தடையான காரணிகள் மூன்று தருக.
3. "வேலை வழங்குவது மட்டும் வறுமையை ஒழிக்காது." உமது பிரதேச உதாரணங்களுடன் விளக்குக.